வண்டிப்பாதை யார் கையில்?

"எலக்ட்ரிக்கல் படிக்கிறவனுக்கு நேபாள விவகாரம் எதுக்குடா?" என்று ஹாஸ்டலில் கேட்டார்கள். திண்டிவனம் பக்கத்தில் இருக்கிற எங்கள் கொல்லையைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

எங்களுடையது உள்கொல்லை. ரோட்டுக்கு வரவேண்டுமானால் முன்கொல்லைக்காரர் நிலத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். நான் ஆறாவது படிக்கும்போது, வாடகை குறைச்சல் என்று அப்பா அவர் டிராக்டரை விட்டுவிட்டு வேறொருவர் டிராக்டரை வைத்து உழுதார். அந்த அறுவடைக்கு வண்டிப்பாதையில் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டார்கள். மல்லாட்டை மூட்டைகளை அப்பாவும் அம்மாவும் தலைச்சுமையாகவே ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

நேபாளம் இப்படி ஒரு உள்கொல்லைதான். வடக்கே இமயமலை, அதற்கப்பால் சீனா. மற்ற மூன்று பக்கமும் இந்தியா. கடலே கிடையாது. கப்பல் சரக்கு கொல்கத்தாவில் இறங்கி, பீகார் வழியாக ரக்சௌல் எல்லையைத் தாண்டிப் போகவேண்டும்.

1988-ல் நேபாள அரசு சீனாவிடம் ஆயுதம் வாங்கியது. தில்லிக்குப் பிடிக்கவில்லை. 1989 மார்ச்சில் வர்த்தக, போக்குவரத்து ஒப்பந்தங்கள் காலாவதியாயின. ஒரே ஒப்பந்தமாகப் போடுவதா, இரண்டாகவா என்பதுதான் தகராறு என்று வெளியில் சொன்னார்கள். (வரப்புச் சண்டையிலும் உண்மைக் காரணத்தை யார் சொல்கிறார்கள்?) இரண்டு எல்லை வழிகளை மட்டும் விட்டு மற்றவற்றை இந்தியா மூடிவிட்டது. மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஜனங்கள் அடுப்பெரிக்கக் காட்டை வெட்டினார்கள். அந்தக் கஷ்டமும் சேர்ந்து கொதித்து, 1990-ல் மக்கள் கிளர்ச்சியில் மன்னரின் கட்சியில்லாப் பஞ்சாயத்து ஆட்சியே போயிற்று. புது அரசு வந்த பிறகுதான் வழிகள் திறந்தன.

2015 ஏப்ரலில் பூகம்பம். செப்டம்பரில் புதிய அரசியல் சட்டம். அதில் தங்களுக்கு நியாயம் இல்லை என்று எல்லையோர மாதேசி மக்கள் போராட, பெட்ரோல் லாரிகள் மாதக்கணக்கில் நின்றன. நாங்கள் மறிக்கவில்லை, போராட்டத்தால் நின்றன என்றது தில்லி. காட்மாண்டு நம்பவில்லை. 2016 மார்ச்சில் சீனாவுடன் வழி ஒப்பந்தம் போட்டது. ஆனால் சீனத் துறைமுகம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அல்லவா இருக்கிறது!

இதை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். 1950 ஒப்பந்தத்தால் நேபாளிகள் விசா இல்லாமல் இங்கே வேலை செய்யலாம். 1993 முதல் நம் 1 ரூபாய்க்கு அவர்கள் பணம் 1.60 ரூபாய் என்று கட்டி வைத்திருக்கிறது. 2019-ல் மோதிஹாரியிலிருந்து அம்லேக்கஞ்ச் வரை 69 கி.மீ. நீள எண்ணெய்க் குழாய் இந்தியா போட்டுக் கொடுத்தது. எங்கள் முன்கொல்லைக்காரரும் கெட்டவர் இல்லை. நான் டிப்ளமோ சேர்ந்தபோது கட்டணத்துக்குக் கடன் கொடுத்தவர் அவர்தான். அதிலிருந்து அப்பா வேறு யார் டிராக்டரையும் கூப்பிடுவதில்லை.

இனி நம் டிபார்ட்மெண்ட் விஷயம். மழைக்காலத்தில் நேபாளத்தில் நீர்மின்சாரம் மிஞ்சுகிறது. இந்தியா வாங்குகிறது. சீனக் கம்பெனி சம்பந்தப்பட்ட திட்டத்து மின்சாரம் என்றால் வாங்குவதில்லை. வங்கதேசத்துக்கு 40 மெகாவாட் விற்க நேபாளம் ஆசைப்பட்டது. நடுவில் இருப்பது நம் நிலம். 2024 அக்டோபரில் மூன்று நாடுகளும் கையெழுத்துப் போட்ட பிறகே, நவம்பரில் அந்தக் கரண்ட் நம் லைன் வழியாக வங்கதேசம் போனது.

எங்கள் பம்பு செட்டுக்கு வரும் லைனுக்கும் போஸ்ட் முன்கொல்லையில்தான் நிற்கிறது.