நினைவக ஓவர்கிளாக்கிங்

நினைவக ஓவர்கிளாக்கிங் என்பது கணினியின் ரேம் நினைவகத்தை அதற்கு நிர்ணயிக்கப்பட்ட வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் இயக்குவதாகும். டிடிஆர்4 வகை நினைவகத்தின் தர நிர்ணய மின்னழுத்தம் 1.2 வோல்ட். வேகத்தைக் கூட்டும்போது இது பெரும்பாலும் 1.35 வோல்ட்டாக உயர்த்தப்படுகிறது. அதனால் சில்லுகள் கூடுதலாகச் சூடாகின்றன.

ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாகச் சேமிக்கப்படுகிறது. ஓட்டைக் குடத்து நீர்போல இம்மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே 64 மில்லிநொடிக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படுகிறது. வெப்பம் கூடினால் கசிவும் கூடும். 85 பாகை செல்சியசைத் தாண்டினால் 32 மில்லிநொடிக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியுள்ளது.

வெப்பப் பரப்பி என்பது வெப்பங்கடத்தும் பட்டையைக் கொண்டு சில்லுகளின்மீது ஒட்டப்படும் உலோகத் தகடு. பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. சில்லுகளின் சூட்டைத் தகடு முழுவதும் பரப்பி, அது காற்றுக்குக் கடத்துகிறது. காற்றோட்டம் இல்லையெனில் தகட்டால் பயன் குறைவு. எனவே சிலர் சிறு விசிறியும் பொருத்துகின்றனர். ஏற்கெனவே ஒட்டியுள்ள தகட்டைப் பிய்த்தெடுத்தால் சில்லும் சேர்ந்து பெயர்ந்துவிடக்கூடும்.

நிலையற்ற நினைவகம் எப்போதும் கணினியை நிறுத்தித் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. பிழையான பிட்டுகள் ஓசையின்றிக் கோப்புகளில் பதிந்துவிடலாம். எனவே முக்கியமான கோப்புகளை முன்னரே நகலெடுத்து வைப்பதும், வேகத்தைக் கூட்டியபின் மெம்டெஸ்ட்86 போன்ற சோதனை நிரலைப் பல மணிநேரம் ஓட்டிப் பார்ப்பதும் அவசியம்.