குட்டைப் பாசி: உரமா, நஞ்சா?

கொள்ளிடத்தின் வடகரையில் தா.பழூர் வட்டார நெல் விவசாயிகளுக்கு நீலப்பச்சைப்பாசி புதிதல்ல. வயல் நீரில் வாழும் இப்பாசி காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்துவதை, இந்திய விஞ்ஞானி பி.கே.டே 1939ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். நட்ட பத்தாம் நாள் ஏக்கருக்கு 4 கிலோ பாசி உரம் இடுமாறு பரிந்துரைக்கப்படுகிறது.

கோடையில் நீர் குறைந்த குட்டையில், பச்சைச் சாயம் கரைத்தாற்போல் மிதப்பதும் பெரும்பாலும் நீலப்பச்சைப்பாசியே. "இதையும் அள்ளி வயலில் விடலாமா? மாடு குடிக்கலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். இரண்டும் வேண்டாம். இவ்வாறு மிதப்பவற்றுள் மைக்ரோசிஸ்டிஸ் என்பது முக்கியமானது. இது தழைச்சத்தை நிலைநிறுத்துவதில்லை. இதன் சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்குகின்றன, சில உண்டாக்குவதில்லை.

எது எந்த வகை என்று அறிவதில்தான் சிக்கல். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டி.வி.தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட பெருநூல், உருவத்தைக் கொண்டு பாசிகளை இனம் பிரிக்கிறது. ஆனால் நஞ்சுள்ளதும் இல்லாததும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தோன்றும். நாற்றங்காலில் இரண்டு நெல் ரகங்களைப் பிரித்தறிய முடியாததைப் போலத்தான்.

ஆகவே விஞ்ஞானிகள் டி.என்.ஏ.வை நாடுகின்றனர். ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் அவ்வுயிரின் பரம்பரைக் குணங்களைத் தாங்கி நிற்கும் நூலிழை போன்ற பொருள் இது. குட்டை நீரை மிக நுண்ணிய துளையுள்ள வடிதாளில் வடித்து, தங்கும் பாசியை உடைத்து டி.என்.ஏ. பிரிக்கப்படுகிறது. பின்னர் பி.சி.ஆர். கருவியில் வேண்டிய பகுதி மட்டும் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கப்படுகிறது. ஒரு துண்டு 30 சுற்றுகளில் நூறு கோடிக்கு மேல் பெருகும். எல்லா நீலப்பச்சைப்பாசிகளுக்கும் பொதுவான ஒரு மரபணுவைப் படித்தால், நுண்ணோக்கிக்குத் தப்பியவை உள்பட, குட்டையிலுள்ள இனங்களின் பட்டியல் கிடைக்கும். நஞ்சுக்கான மரபணுவையும், தழைச்சத்து நிலைநிறுத்தும் மரபணுவையும் தனித்தனியே தேடலாம். மரபணு இருப்பதாலேயே நீரில் நஞ்சு கலந்துள்ளது என்று முடிவு கட்டக்கூடாது. நஞ்சைத் தனியே அளந்தாக வேண்டும்.

இது ஆய்வுக்கூட வேலை. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கையுறை அணிந்து, கண்ணாடிப் புட்டியில் முக்கால் பங்கு குட்டை நீரை எடுத்து, ஓர் இரவு அசையாமல் வையுங்கள். பச்சை முழுதும் மேலே படலமாகத் திரண்டால் நீலப்பச்சைப்பாசி என்று சந்தேகிக்கலாம். அந்நீரைக் கால்நடைக்குக் காட்டாதீர்கள். கொதிக்க வைத்தாலும் இந்நஞ்சு அழியாது. மயில்துத்தம் போட்டுப் பாசியைக் கொல்வதும் தவறு. உடையும் பாசியிலிருந்து நஞ்சு மொத்தமாக நீரில் இறங்கிவிடும். சாணக் கழிவும் வயலின் உர நீரும் குட்டையில் சேராமல் வரப்பை உயர்த்துவதே பயன் தரும்.