மூன்றரை அடிச் சந்தில் ஒரு கொடிக்கால்

நாக்பூரில் எங்கள் வீட்டின் வடபுறம், வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. அகலம் 3½ அடி, நீளம் 32 அடி. உடைந்த நாற்காலி, பழைய கூலரின் தகரக் கூடு, மிச்சமான ஓடு எல்லாவற்றுக்கும் அதுதான் சரணாலயம். ஓய்வு பெற்ற மறுமாதமே அதைக் காலி செய்தேன். "ஒரு வெற்றிலைக் கொடி வந்தால் போதும்" என்றாள் மனைவி. வெள்ளிக்கிழமை தோறும் கடைக்கு ஓடுவது மிச்சம் என்று நானும் உடனே ஒப்புக் கொண்டேன்.

முதல் காரியமே தப்பாகச் செய்தேன். நான் மெக்கானிகல் டிப்ளமோக்காரன். சர்வீஸ் முழுவதும் சிவில் இலாகாக்காரர்களைக் கேலி செய்தவன். செங்கல்லை அடுக்கி, வீட்டுச் சுவரை ஒட்டியே 1½ அடி உயரத்துக்கு மண்ணைக் கொட்டித் தினமும் தண்ணீர் விட்டேன். நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்க அஸ்திவாரத்தின் மேல் ஒரு பூச்சு போட்டிருப்பார்கள். அதற்கு மேலே மண்ணை ஏற்றிவிட்டால் அது இருந்தும் பயனில்லை. மழைக்காலம் முடிவதற்குள் ஈரம் சுவரைக் கடந்து பூஜை அறைக்கு வந்துவிட்டது.

அந்தச் சுவரில்தான் என் மாமியார் கல்யாணத்துக்குக் கொடுத்த தஞ்சாவூர்ப் படம் இருந்தது. வெண்ணெய்க் கிருஷ்ணன். பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புக்கல் பொடியைப் பசையோடு குழைத்து மேடு எழுப்பி, தங்க ரேக்கு ஒட்டுகிற வேலை அது. ஈரம் பட்டால் மேடு விட்டுப் போகும். கிருஷ்ணனின் பாதத்தருகே ஒரு ரூபாய் அகலத்துக்கு உதிர்ந்து விழுந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நான் கேலி செய்த சிவில் நண்பர் ஒருவரையே கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு, "இந்த ஊர் கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அஸ்திவாரத்தின் ஒரு பக்கத்தை மட்டும் ஊறப் போடலாமா?" என்று கேட்டார். மண் முழுவதையும் அள்ளி வெளியே கொட்டினேன். தரைக்குச் சிமெண்ட் பூசி, மதில் பக்கம் 1 அங்குலம் வாட்டம் கொடுத்து, மதிலோரமாகச் சின்னக் கால்வாய் விட்டேன். செடிகள் எல்லாம் தொட்டியில், அதுவும் மதில் பக்கம்தான். நடக்க 2 அடி. சாக்கடை மூடி மேல் ஒரு தொட்டியும் கிடையாது. அடைத்துக் கொண்டால் யார் நகர்த்துவது?

அடுத்தது வெயில் கணக்கு. நாக்பூர் 21 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் நடுப்பகலில் சுவரின் உயரமும் நிழலின் நீளமும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே குளிர்காலத்தில் சந்துக்குள் வெயில் எட்டியும் பார்க்காது. மே, ஜூனிலோ உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேலே. கறிவேப்பிலையையும் துளசியையும் காலை வெயில் படும் கிழக்கு வாயில் அருகே வைத்தேன். உள்ளே கற்பூரவல்லி, புதினா, நடுவில் வெற்றிலை. நம் பக்கத்துக் கொடிக்காலில் அகத்தி நிழலில்தானே வெற்றிலை வளர்கிறது? நாக்பூருக்குப் பக்கத்து ராம்டேக்கிலும் வெற்றிலைத் தோட்டங்கள் உண்டு. அகத்திக்கு எனக்கு இடமில்லை. கோடையில் பச்சை வலையைக் கட்டி விடுகிறேன்.

இன்னொரு தப்பும் செய்தேன். தண்ணீர் வீணாகக் கூடாதென்று ஏர் கூலர் தொட்டியின் மிச்சத் தண்ணீரை வெற்றிலைக்கு விட்டேன். பத்து நாளில் இலை ஓரமெல்லாம் கருகியது. எனக்கு வெட்கமாகிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீராவி எஞ்சின் ஷெட்டில் இருந்தவன் நான். தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு பாய்லரிலேயே தங்கும். அதற்காக அவ்வப்போது கொஞ்சம் தண்ணீரைத் திறந்து விடுவோம். கூலரும் அதே பாய்லர்தான், நெருப்பு மட்டும் இல்லை! இப்போது அந்தத் தண்ணீர் வாசல் கழுவ.

மூன்றாம் வருஷம் கொடி மதில் உயரம் வந்தது. முதல் ஐந்து இலைகளை மனைவி கிருஷ்ணன் முன்னால் வைத்தாள். படம் இப்போது உள் சுவரில். உதிர்ந்த இடம் அப்படியேதான் இருக்கிறது; தஞ்சாவூர் போகும்போது கையோடு எடுத்துப் போய்ச் சரி செய்ய வேண்டும்.

நாக்பூர் அன்பர்கள் யாருக்காவது கொடி வேண்டுமானால் ஜூலையில், மழை பிடித்ததும் வாருங்கள். மூன்று கணு வைத்து நறுக்கித் தருகிறேன். சுவரை மட்டும் முதலில் பார்த்துக் கொள்ளுங்கள்.