பள்ளிக்குப் போகேன் என்னும் பிள்ளை

திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த காமயகவுண்டன்பட்டியில் பல இல்லங்களின் பொழுது கதிரவன் எழுமுன்பே தொடங்கிவிடுகிறது. பந்தலுக்குச் செல்வோர் ஒருபுறம்; ஜீப்பேறி மலைமேல் ஏலத் தோட்டங்களுக்குச் செல்வோர் மறுபுறம். கொடியில் ஓர் இலை சுருண்டாலும் நம் கண்ணுக்கு அன்றே தப்புவதில்லை. ஆனால், வீட்டிலுள்ள பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முகம் வாடியிருப்பது நமக்கு எத்தனை நாள் கழித்துத் தெரிகிறது?

காலையில் வயிற்றுவலி என்பான். விடுமுறை நாளில் அவ்வலி இராது. கொடுத்தனுப்பிய காசுக்குக் கணக்கு இராது. சட்டைப் பொத்தான் அறுந்திருக்கும். கேட்டால் எரிந்து விழுவான். இவற்றைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ எண்ணி அடிப்பவர் உண்டு. பள்ளியில் வதைபடும் பிள்ளை, வீட்டிலும் அடிபட்டால் எங்கே போவான்?

2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் நிகழ்ந்ததை நாம் மறத்தலாகாது. பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், சக மாணவர்களின் தொல்லை தாளாமல் பள்ளி செல்வதை நிறுத்தினார். காரணம் ஆசிரியர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. அதன்பின் ஓர் இரவில் மாணவர்கள் சிலர் வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினர் என்பது வழக்கு. தடுக்க வந்த தங்கையும் காயமுற்றார். அந்த மாணவர் உயிர் பிழைத்து, 2024இல் பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, பள்ளிகளில் சாதி அடையாளக் கயிறுகளைத் தடை செய்யவும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்கவும் 2024 ஜூனில் பரிந்துரைத்தது.

“சொல்லாதீர்கள் அம்மா, இன்னும் அதிகமாக அடிப்பார்கள்” என்று பிள்ளை அஞ்சினால், அது வீண் அச்சமன்று என்பதை நாங்குநேரி நமக்கு உணர்த்துகிறது. ஆகவே முறையிடுவதோடு பெற்றோர் கடமை முடிவதில்லை. முறையிட்ட பின்புதான் காவல் வேண்டும்.

முதலில், குறுக்கிடாமல் முழுவதும் கேளுங்கள். “நீயும் திருப்பி அடி” என்று ஏவாதீர்கள், “நீ என்ன செய்தாய்?” என்று பழியையும் அவன்மேல் போடாதீர்கள். நாள், இடம், நிகழ்ச்சி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். சொன்னவன் யார் என்பதை வகுப்பில் வெளிப்படுத்தாதிருக்குமாறு கேளுங்கள். போகும்போதும் வரும்போதும் துணைக்கு யார் என்று பள்ளியோடு பேசி முடிவு செய்யுங்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும் சென்று விசாரியுங்கள். பள்ளி அசட்டை செய்தால் கல்வித் துறையின் 14417, சிறார் உதவி எண் 1098 ஆகியவை உள்ளன. அடித்த பிள்ளையின் வீட்டு வாசலில் நின்று கூச்சலிடுவது பகையையே வளர்க்கும்.

இறுதியாக, கசப்பான ஒரு கேள்வி. துன்புறுத்துகிற பிள்ளையும் ஏதோ ஒரு வீட்டின் பிள்ளைதானே? அது நம் வீடாக இருந்தால்? பிறர் சாதியை, நிறத்தை, வறுமையை, திக்குவாயை நாம் உணவு வேளையில் எள்ளி நகையாடியதைத்தான் அவன் வகுப்பில் செய்கிறான். புகார் வரும் நாளில், “என் மகன் அப்படிச் செய்யமாட்டான்” என்று வாதாடாமல், அவனை அழைத்துச் சென்று மன்னிப்புக் கேட்கச் செய்யும் தந்தை இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றுகிறார்.

இன்று மாலை தோட்டத்திலிருந்து திரும்பியதும், மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்குமுன், “இன்று யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்?” என்று கேட்டுப் பாருங்கள்.