சவுத்தம் தெரு ஒளிப்படங்கள்

சவுத்தம் தெரு ஒளிப்படங்கள் என்பவை, இலண்டனின் வடக்குக் கென்சிங்டன் பகுதியில் இருந்த வறிய தெரு ஒன்றை ஆங்கிலேய ஒளிப்படக் கலைஞர் ரோஜர் மெய்ன் (1929–2014) 1956 முதல் 1961 வரை எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களின் தொகுதி ஆகும். பின்னர் இடிக்கப்பட்ட ஒரு குடியிருப்பின் அன்றாட வாழ்வை இவை பதிவு செய்கின்றன.

பின்னணி

கென்சிங்டனின் தென்பகுதி அரண்மனைக்கும் அருங்காட்சியகங்களுக்கும் செல்வந்தர் இல்லங்களுக்கும் பெயர் பெற்றது. வடபகுதியிலோ, 19 ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட மாடி வீடுகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு வாடகைக்கு விடப்பட்டன. ஒரே வீட்டில் பல குடும்பங்கள் வாழ்ந்தன. 1957 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் பல வீடுகளின் மீதிருந்த வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கியது. கரிபியன் தீவுகளிலிருந்து குடியேறியோருக்குப் பலர் வீடு தர மறுத்தமையால், மிகுந்த வாடகை கேட்ட உரிமையாளர்களையே அவர்கள் நாட வேண்டியிருந்தது. 1958 இல் அருகிலுள்ள நாட்டிங் ஹில்லில் இனக்கலவரம் மூண்டது. 1959 மே மாதத்தில், அன்டிகுவாவில் பிறந்த தச்சரான கெல்சோ காக்ரேன் சவுத்தம் தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். இக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

படங்களின் இயல்பு

ஆக்சுபோர்டில் வேதியியல் பயின்ற மெய்ன் இத்தெருவுக்குப் பலமுறை சென்று ஆயிரத்திற்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். விளையாடும் சிறுவர், நடனமாடும் சிறுமி, வாசற்படியில் கூடிநிற்கும் இளைஞர் ஆகியோர் இவற்றில் இடம்பெறுகின்றனர். வீடுகளுக்குள் இடமின்மையே தெருவை விளையாட்டுத் திடலாகவும் கூடமாகவும் மாற்றியது. எனவே படங்களில் தெரியும் மகிழ்ச்சிக்கும் வறுமைக்கும் காரணம் ஒன்றே. காலின் மெக்கின்னசு எழுதி 1959 இல் வெளியான புதினம் ஒன்றின் அட்டையில் மெய்னின் படம் இடம்பெற்றது.

மறுசீரமைப்பு

1960களில் இத்தெருவின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. அப்பகுதியில் எர்னோ கோல்ட்ஃபிங்கர் வடிவமைத்த 31 மாடிகள் கொண்ட டிரெலிக் கோபுரம் 1972 இல் கட்டி முடிக்கப்பட்டது. புதிய குடியிருப்புகள் குளியலறை முதலிய வசதிகளைத் தந்தன. ஆயினும் அயலவர் பலர் பிரிந்து வேறிடங்களுக்குச் செல்ல நேர்ந்தது.

ஏனைய பதிவுகள்

மெய்ன் வெளியிலிருந்து வந்தவர். மாறாக, யமேக்காவில் பிறந்து இப்பகுதியில் வளர்ந்த சார்லி பிலிப்சு தம் அயலவரையே படமெடுத்தார். நிக் ஹெட்ஜசு 1968 முதல் 1972 வரை செல்ட்டர் என்னும் அறநிறுவனத்திற்காகப் பிரித்தானியாவின் சேரி வீடுகளைப் பதிவு செய்தார். வறுமையில் காட்டப்பட்டோரின் அடையாளத்தைக் காக்கும் பொருட்டு அப்படங்களின் பயன்பாடு 40 ஆண்டுகள் கட்டுப்படுத்தப்பட்டது. ஏழ்மையைப் படம்பிடிப்போர் எதிர்கொள்ளும் அறச்சிக்கலுக்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

பிற்காலம்

இடிப்பினால் கென்சிங்டனின் பிரிவினை மறையவில்லை. 2017 சூன் 14 அன்று வடக்குக் கென்சிங்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் ஏற்பட்ட தீயில் 72 பேர் இறந்தனர். புதுப்பித்தலின்போது வெளிச்சுவரில் பொருத்தப்பட்ட எரியக்கூடிய தகடுகளே தீ விரைந்து பரவ முதன்மைக் காரணம் என விசாரணை கண்டறிந்தது. அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட மெய்னின் படங்கள், இவ்வேற்றத்தாழ்வு பழைய வீடுகளோடு தோன்றி அவற்றோடு மறைந்த ஒன்றன்று என்பதை அறிய உதவுகின்றன.