வால்பாறைக்கு ஒரு குடும்பப் பயணம்: புறப்படும் முன் பேசி முடிக்க வேண்டியவை

அரையாண்டுத் தேர்வு முடியும் நாளில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி எல்லா வீடுகளிலும் ஒன்றுதான்: "அத்தா, இந்த லீவுக்கு எங்கே போறோம்?"

இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க வேண்டியதில்லை. பூமியில் பயணம் செய்து படைப்பின் அத்தாட்சிகளைப் பார்க்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. மலையும் மழையும் காடும் பிள்ளைகளுக்கு ஏட்டில் மட்டும் தெரிந்தால் போதாது. ஆனால் பயணம் வேதனையின் ஒரு பகுதி என்றும், உறக்கத்தையும் உணவையும் அது தடுத்துவிடும் என்றும் நபி (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே ஆசையோடு திட்டமும் வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து காரில் வால்பாறை செல்லும் பயணத்தை உதாரணமாக வைத்து அந்தத் திட்டத்தைப் பார்ப்போம்.

நாம் செய்த இரண்டு தவறுகள்

முதல் முறை வால்பாறை சென்றபோது நாம் இரண்டு தவறுகள் செய்தோம். ஒரு பகலை மிச்சம் பிடிக்கலாம் என்று இஷாவுக்குப் பின், இரவு பதினொரு மணிக்குப் புறப்பட்டோம். உடுமலைக்கு அருகே, வண்டி ஓட்டிய நம் சகோதரியின் மகன் ஒரு நொடி கண் அயர்ந்துவிட்டான். வண்டி சாலையை விட்டு இறங்கி, ஒரு புளியமரத்துக்கு நாலடி முன்னால் நின்றது. பின் இருக்கையில் ஐந்து பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அல்லாஹ்வின் அருளால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாவது தவறு மறுநாள் மதியம்தான் தெரிந்தது. மலை ஏறி இறங்கியதும் அம்மாவுக்குத் தலை சுற்றியது. உதடு வறண்டிருந்தது. "காலையிலேருந்து தண்ணியே குடிக்கலையாம்மா?" என்று கேட்டோம். "குடிச்சா எங்கே போறது?" என்றார்கள். எந்த அருவி, எந்த அணை, எங்கே சாப்பாடு என்றெல்லாம் நாம் எழுதி வைத்திருந்தோம். பெண்கள் எங்கே ஒதுங்குவார்கள், எங்கே ஒளுச் செய்வார்கள் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அம்மா யாரையும் குறை சொல்லவில்லை. அதனால்தான் அது நமக்கு இன்னும் வலிக்கிறது.

உறக்கமும் ஓர் அமானிதம்

கைபரிலிருந்து திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் இரவு முழுவதும் பயணம் செய்து களைத்துப் போனார்கள். ஃபஜ்ருக்கு எழுப்பிவிடும் பொறுப்பை ஏற்ற பிலால் (ரலி) அவர்களும் தம் ஒட்டகத்தில் சாய்ந்தபடி உறங்கிவிட்டார்கள். வெயில் பட்டுத்தான் எல்லோரும் விழித்தார்கள். அவ்வளவு பொறுப்பான ஒரு தோழரையே உறக்கம் வென்றது என்றால், பகல் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு இரவில் ஸ்டியரிங் பிடிக்கும் நம் பிள்ளைகள் எம்மாத்திரம்?

எனவே முதல் முடிவு: இரவுப் பயணம் வேண்டாம். முந்தைய இரவு நன்றாக உறங்கி, ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் புறப்படுவது நல்லது. வாடகை வண்டி என்றால் ஓட்டுநரின் உறக்கத்துக்கும் நாமே பொறுப்பு. நாம் அறையில் மெத்தையில் படுத்துக்கொண்டு, அவரைக் குளிரில் காருக்குள் படுக்க வைப்பது நியாயமல்ல. அறை பதிவு செய்யும்போதே அவருக்கும் படுக்க இடம் உண்டா என்று கேளுங்கள். நாம் சாப்பிடுவதையே அவருக்கும் கொடுங்கள்.

வண்டியும் ஆட்களும்

ஏழு பேர் அமரும் வண்டியில் பதினொரு பேரை ஏற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. "சின்னப் பிள்ளைங்கதானே, மடியில வச்சுக்கலாம்" என்போம். மலைச் சாலையில் அந்தக் கூடுதல் எடை பிரேக்கைச் சோதிக்கும். மடியில் இருக்கும் குழந்தைக்கு எந்தப் பிடிமானமும் இல்லை. ஆட்கள் அதிகம் என்றால் இரண்டு வண்டி எடுங்கள். அதற்கு வசதி இல்லையென்றால் ஆட்களைப் பிரித்து இரண்டு முறை போங்கள். பின் இருக்கையில் இருப்பவர்களும் சீட் பெல்ட் போட வேண்டும்.

தெரிந்தவரின் வெள்ளை போர்டு காரை வாடகை பேசி எடுத்துச் செல்வதையும் தவிர்க்க வேண்டும். விபத்து ஏற்பட்டால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுக்கலாம். வாடகைக்கு மஞ்சள் போர்டு வண்டியே முறையானது. அது கேரளத்துக்குள்ளும் செல்ல வேண்டுமானால் பெர்மிட் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று பேர் பயணம் செய்தாலே ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளும்படி நபிமொழி வழிகாட்டுகிறது. எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது என்று முடிவெடுக்க ஒருவர் இருந்தால் பாதிச் சச்சரவு குறையும். அந்த அமீர் பெண்களிடமும் முதியவர்களிடமும் கேட்டு முடிவெடுப்பவராக இருக்கட்டும்.

வழியும் நேரமும்

திண்டுக்கல்லிலிருந்து பழனி, உடுமலை வழியாகப் பொள்ளாச்சி சுமார் 120 கிலோமீட்டர். அங்கிருந்து வால்பாறை சுமார் 65 கிலோமீட்டர். காலை 6 மணிக்குப் புறப்பட்டால் 9 மணியளவில் பொள்ளாச்சி வந்துவிடலாம். காலை உணவு, பெட்ரோல், கழிப்பறை எல்லாவற்றையும் இங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. வயிறு நிறைய எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டுவிட்டு மலை ஏறினால் வாந்தி வரும். இட்லியோ இடியாப்பமோ அளவாகப் போதும். வாந்தி வரும் பிள்ளைகளை முன்பக்கம் பார்த்தபடி உட்கார வையுங்கள். செல்போனை வாங்கி வைத்துவிடுங்கள்.

ஆழியாறு அணையைத் தாண்டினால் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் சோதனைச்சாவடி. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறையில் உள்ளது. அதன் பின்னர் வால்பாறைக்கும் இம்முறை வந்தது. விதிகள் அவ்வப்போது மாறுவதால், புறப்படும் வாரத்தில் அரசின் இணையதளத்தைப் பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைக் கொண்டு செல்லாதீர்கள்.

அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்னும் காட்சிமுனை. கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கும். இந்தப் பாறைச் சரிவுகளில் நம் மாநில விலங்கான வரையாடுகளைச் சாலையோரத்திலேயே காணலாம். பார்ப்பதோடு சரி, அவற்றுக்குத் தீனி கொடுக்கக் கூடாது.

மேடு ஏறும்போது தக்பீரும், இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வது தோழர்களின் வழக்கமாக இருந்ததை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒவ்வொரு வளைவு ஏறும்போதும் பிள்ளைகளைத் தக்பீர் சொல்ல வையுங்கள். நாற்பதையும் எண்ணி முடிக்கும்போது, மறந்து போன ஒரு சுன்னத்து அவர்கள் நாவில் பதிந்திருக்கும்.

ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். வளைவில் முந்தக் கூடாது. இறங்கும்போது என்ஜினை அணைப்பதும் நியூட்ரலில் விடுவதும் உயிருக்கு ஆபத்து. ஏறிய அதே குறைந்த கியரில் இறங்கினால் பிரேக் சூடாகிச் செயலிழக்காமல் இருக்கும். பெண்கள் அமர்ந்திருந்த ஒட்டகங்களை அன்ஜஷா என்பவர் விரைவாக ஓட்டியபோது, அந்தப் பெண்களைக் கண்ணாடிப் பாத்திரங்களுக்கு ஒப்பிட்டு, நிதானமாக ஓட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். வேகத்தைக் காட்ட நினைக்கும் நம் இளைஞர்களுக்கு இதைவிட அழகான அறிவுரை வேறென்ன வேண்டும்?

தொழுகையை வைத்தே திட்டமிடுவோம்

திண்டுக்கல்லிலிருந்து வால்பாறை வரையிலான தூரம் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் கஸ்ருக்கு உரிய தூரமே. ஊர் எல்லையைத் தாண்டிய பிறகு லுஹர், அஸர், இஷா ஆகிய நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். ஃபஜ்ருக்கும் மஃக்ரிபுக்கும் கஸ்ர் இல்லை. உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழுதால் முழுமையாகவே தொழ வேண்டும்.

ஷாஃபிஈ மத்ஹபில் லுஹரையும் அஸரையும், மஃக்ரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழ அனுமதி உண்டு. ஹனஃபி மத்ஹபில் பயணத்துக்காக ஒரே நேரத்தில் சேர்ப்பது இல்லை. முந்தைய தொழுகையை அதன் கடைசி நேரத்திலும், அடுத்ததை அதன் முதல் நேரத்திலும் தொழுதுகொள்ளலாம். இதைப் புறப்படும் முன்பே பேசிக்கொண்டால் வழியில் வாக்குவாதம் வராது.

மேலே சொன்ன நேரப்படி சென்றால் லுஹர் நேரத்தில் வால்பாறை நகரில் இருப்போம். அங்கே பள்ளிவாசல் உண்டு. பெண்கள் தொழவும் ஒளுச் செய்யவும் வசதி இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முதலில் அறைக்குப் போய்விட்டு, பிறகு ஊர் சுற்றலாம். நின்று தொழ வழியிருக்கும்போது ஓடும் காரில் அமர்ந்தபடி ஃபர்ளைத் தொழுவது கூடாது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு, அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான தண்ணீரில் ஒளுச் செய்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் கணக்கில் வண்டியில் தண்ணீர் வைத்திருந்தால் போதும்; தயம்மும் பற்றி யோசிக்க வேண்டியிருக்காது.

வெள்ளிக்கிழமை ஃபஜ்ருக்குப் பின் புறப்படுவதைத் தவிர்ப்பது நல்லது. வழியில் ஜும்ஆ கிடைக்காது என்றால் ஷாஃபிஈ மத்ஹபில் அது கூடாது என்பார்கள். சனிக்கிழமை புறப்பட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

பெண்களுக்கும் இது விடுமுறைதானே?

வழியில் எங்கெங்கே சுத்தமான கழிப்பறை இருக்கிறது என்று முதலில் எழுதுங்கள். பெரிய பெட்ரோல் பங்க், குடும்ப உணவகம், பெண்கள் பகுதி உள்ள பள்ளிவாசல் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாவது இருக்கட்டும். பிறகு அவற்றுக்கு ஏற்றபடி பார்க்கும் இடங்களை அமையுங்கள். மாதவிடாயில் இருப்பவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நாம் கேட்காமலேயே வண்டி நிற்க வேண்டும்.

புறப்படும் முன்தினம் இரவு இரண்டு மணி வரை அவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டும், துணி மடித்துக்கொண்டும் இருந்தால் அது அவர்களுக்கு விடுமுறை அல்ல. ஒரு வேளை வீட்டுச் சாப்பாடு போதும். மற்ற வேளைகளுக்கு ஹலால் உணவகங்களை விசாரித்து வையுங்கள். பையைக் கட்டும் வேலையை ஆண்கள் எடுத்துக்கொள்ளலாம்.

தண்ணீரும் காடும்

2023 அக்டோபரில், கோவையிலிருந்து வால்பாறைக்குச் சுற்றுலா வந்த ஐந்து கல்லூரி மாணவர்கள் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். ஒருவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்குவதே இத்தகைய விபத்துகள் பலவற்றின் கதை. மேலே தெளிவாகத் தெரியும் தண்ணீருக்குக் கீழே வழுக்குப் பாறையும் குழியும் இருக்கும். தடை எழுதிய இடத்தில் கணுக்கால் அளவுகூட இறங்க வேண்டாம். நனைந்த நீண்ட ஆடை தண்ணீரில் இழுத்துவிடும் என்பதைப் பெண் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே மழை கடுமையாக இருக்கும். தமிழகத்தில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு இங்குதான் உள்ளது. குடும்பத்தோடு செல்ல டிசம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம்.

இரவில் தங்கும்போது பாதையை விட்டு விலகித் தங்குங்கள், அது விலங்குகளின் வழி என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். வால்பாறையில் இதன் பொருளை நேரில் காணலாம். யானைகள் அருகில் இருந்தால் எச்சரிக்க அங்கே சிவப்பு விளக்குகள் அமைத்திருக்கிறார்கள். யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், இறங்காதீர்கள், படம் எடுக்க நெருங்காதீர்கள். தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தை தாக்கித் தொழிலாளர்களின் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். மஃக்ரிபுக்கு முன் எல்லோரும் அறைக்குத் திரும்பிவிட வேண்டும். மளுக்கப்பாறை, வாழச்சால் வழியாக அதிரப்பள்ளி செல்ல விரும்பினால் காலையிலேயே புறப்படுங்கள். அந்தக் காட்டுச் சாலையில் மாலைக்குப் பின் சோதனைச்சாவடியில் அனுமதிப்பதில்லை.

தேயிலை பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நமக்கு அது அழகிய காட்சி. அவர்களுக்கோ அட்டைக்கடியும் மழையும் முதுகுச்சுமையும் நிறைந்த கூலி வேலை. நீர்நிலையிலும், மக்கள் நடக்கும் பாதையிலும், நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரியது என்று நபிமொழி எச்சரிக்கிறது. நாம் தின்ற குப்பையை நாமே பையில் போட்டுப் பொள்ளாச்சிக்குத் திருப்பிக் கொண்டு வருவோம்.

கடைசியாக

கடன் வாங்கிச் சுற்றுலா வேண்டாம். புறப்படும் முன் யாருக்காவது கொடுக்க வேண்டியது இருந்தால் கொடுத்துவிடுங்கள். "நாங்க கிளம்பிட்டோம்" என்று ஸ்டேட்டஸ் போட்டு, வீடு பூட்டிக் கிடப்பதை ஊருக்கு அறிவிக்காதீர்கள். பக்கத்து வீட்டாரிடம் மட்டும் சொல்லிச் செல்லுங்கள். வண்டியில் ஏறியதும் பயண துஆவைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஓதுங்கள்.

நாம் இரண்டாம் முறை வால்பாறை சென்றபோது பார்த்த இடங்கள் குறைவு. ஒரு காட்சிமுனை, சோலையாறு அணை, புதுத்தோட்டத்தில் மரம் தாவும் சிங்கவால் குரங்குகள், அவ்வளவுதான். ஆனால் எந்தத் தொழுகையும் தவறவில்லை. யாருக்கும் உறக்கம் கெடவில்லை. வழியில் அம்மா தாமாகவே கேட்டார்கள்: "அந்தத் தண்ணி பாட்டிலை இப்படிக் கொடு." பயணம் நல்லபடியாக அமைந்தது என்பதற்கு நமக்கு அதைவிட வேறு அடையாளம் தேவைப்படவில்லை.

நம் பயணங்கள் அனைத்தையும் பாதுகாப்பானதாகவும், படைத்தவனை நினைவூட்டுவதாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கித் தருவானாக! ஆமீன்.