கசப்பைக் கழித்துவிட்டால்...

தட்டில் என்ன இருக்கிறது? – 17

பனாமா நாட்டின் கரீபியக் கரையை ஒட்டி சான் பிளாஸ் என்றொரு தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே வாழும் குனா பழங்குடி மக்களுக்கு வயது ஏறினாலும் ரத்த அழுத்தம் ஏறுவதில்லை. ஏன் என்று பார்க்கப் போனார் ஹார்வர்டு மருத்துவர் நார்மன் ஹோலன்பர்க். உப்பைக் குறைத்துச் சாப்பிடுபவர்களாக இருப்பார்கள் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அப்படியில்லை, உப்பைத் தாராளமாகவே சேர்க்கிறார்கள். சரி, பரம்பரை வாகாக இருக்கலாம் என்றால், அதே குனாக்கள் பனாமா நகரத்துக்குக் குடிபெயர்ந்ததும் ஊரில் எல்லோருக்கும் வருவதுபோல அவர்களுக்கும் பிரஷர் வந்தது. ஆய்வு 1997-ல் வெளியானது. தீவுக்கும் நகரத்துக்கும் இடையில் ஹோலன்பர்க் கண்ட வித்தியாசங்களில் முக்கியமானது கோகோ. தீவில் இருந்தவரை கோகோ விதையை இடித்துக் காய்ச்சி நாளொன்றுக்கு ஐந்து கோப்பைக்கு மேல் குடித்தார்கள். நகரத்துக்கு வந்ததும் அது கடைப் பொடியாகச் சுருங்கிவிட்டது.

‘டார்க் சாக்லேட் இதயத்துக்கு நல்லது’ என்று நம் குடும்ப வாட்ஸ்அப் குழு வரைக்கும் வந்து சேர்ந்த செய்திக்கு இந்தத் தீவும் ஒரு தொடக்கம். ஆனால், குனாக்கள் சாக்லேட் சாப்பிடவில்லை, கோகோ குடித்தார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு தொழிற்சாலை இருக்கிறது.

அந்தத் தொழிற்சாலைக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள பனாமா வரை போக வேண்டாம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத் தென்னந்தோப்புகளில் கோகோ ஊடுபயிராக நிற்கிறது. காய், கிளை நுனியில் தொங்காமல் அடிமரத்தை ஒட்டியே காய்க்கும். உடைத்தால் வெள்ளைச் சதைக்குள் விதைகள். சதை இனிக்கும், விதையை வெட்டினால் உள்ளே ஊதா நிறம், கடித்தால் பச்சைப் பாக்கைக் கடித்ததுபோல நாக்கை இழுத்துப் பிடிக்கும். அந்தத் துவர்ப்பும் கசப்பும்தான் ஃப்ளேவனால்கள். ரத்தக் குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்ஸைடு சுரப்பதைத் தூண்டி, குழாயைச் சற்றுத் தளர வைப்பவை இவையே. இந்தக் கட்டுரையின் கதாநாயகன் இந்தக் கசப்புதான்.

விதையைச் சதையோடு குவித்து, மேலே வாழை இலை போட்டு ஐந்தாறு நாள் புளிக்க வைக்கிறார்கள். குவியல் 45 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. ஊதா பழுப்பாகிறது, கசப்பு தணிகிறது. பிறகு வெயிலில் காய்ச்சல், அதன்பின் வறுப்பு. சாக்லேட் மணம் வருவதே இந்தப் படிகளில்தான்; ஃப்ளேவனால் போவதும் இவற்றில்தான். கோகோப் பொடிக்கு இன்னொரு படி உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் வான் ஹவுட்டன் ஆலை பழக்கத்துக்குக் கொண்டுவந்த கார வேதிமுறை அது. பொட்டாசியம் கார்பனேட் போன்ற காரத்தைச் சேர்த்தால் பொடி கருகருவென்று ஆகிறது, நாக்குக்கு இதமாகிறது. கடுமையாக இப்படிப் பதப்படுத்திய பொடியில் எஞ்சும் ஃப்ளேவனால், இயற்கைப் பொடியில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூடச் சரிந்துவிடும். ஆக, கறுப்பாக இருக்கிறதே, சத்து இருக்கும் என்று நாம் வாங்குகிறோம். அந்தக் கறுப்பே சில சமயம் சத்து போனதற்கான அடையாளம்!

சரி, எஞ்சியது என்ன செய்கிறது? 2017-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 1,804 பேரிடம் நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. நாளுக்குச் சராசரியாக 670 மில்லிகிராம் ஃப்ளேவனால் கொடுத்ததில் ரத்த அழுத்தம் இறங்கியது 2 புள்ளிகூட இல்லை. அமெரிக்காவில் 21,000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் நடந்த காஸ்மோஸ் ஆய்வின் முடிவு 2022-ல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட இதயநோய் நிகழ்வுகளை ஒட்டுமொத்தமாகக் கணக்கிட்டால், உறுதியாகச் சொல்லும்படியான குறைவு இல்லை. இதயநோய் மரணங்களை மட்டும் தனியே எடுத்தால் 27 சதவீதம் குறைந்திருந்தது. நம்பிக்கை தரும் எண்தான். ஆனால், அந்த ஆய்வில் கொடுத்தது 500 மில்லிகிராம் ஃப்ளேவனால் அடங்கிய மாத்திரை. நிதி உதவியவர்களில் சாக்லேட் நிறுவனமான மார்ஸும் ஒன்று என்பதையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உணவு மருந்துத் துறை 2023-ல் ஃப்ளேவனால் மிகுந்த கோகோப் பொடிக்கு மட்டும், அதுவும் ஆயிரம் நிபந்தனைகளோடு, இதய நலன் பற்றிய வாசகத்தை அனுமதித்தது. சாக்லேட்டுக்கு அது பொருந்தாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

சாக்லேட் தின்றால் எடை குறையும் என்ற செய்தி நினைவிருக்கிறதா? 2015-ல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், ஊடகங்கள் எவ்வளவு எளிதில் ஏமாறும் என்று காட்டுவதற்காகவே ஒரு சொத்தை ஆய்வை நடத்தி வெளியிட்டார். பதினைந்து பதினாறு பேர், மூன்றே வாரம். ஜெர்மனியின் பில்ட் நாளிதழ் முதல் பக்கத்திலேயே போட்டது. குட்டு உடைந்த பிறகும் அந்தச் செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

எடைக்கு வருவோம். 70 சதவீதத்துக்கு மேல் கோகோ உள்ள டார்க் சாக்லேட் 100 கிராமில் ஏறத்தாழ 600 கலோரி, 43 கிராம் கொழுப்பு, 24 கிராம் சர்க்கரை. கொழுப்பில் பாதிக்கு மேல் நிறைகொழுப்பு. அதில் கணிசமான பங்கு ஸ்டியரிக் அமிலம் என்பதால் கெட்ட கொலஸ்ட்ராலை அவ்வளவாக ஏற்றாது. நல்ல பக்கமும் உண்டு: 11 கிராம் நார்ச்சத்து, 228 மில்லிகிராம் மெக்னீசியம், 12 மில்லிகிராம் இரும்பு, கூடவே தாமிரம். எண்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால், யாரும் 100 கிராம் சாப்பிடக் கூடாது. 20 கிராமுக்கு வகுத்தால் 120 கலோரி, 5 கிராம் சர்க்கரை, இரண்டரை மில்லிகிராமுக்கும் குறைவான இரும்பு. நம் பெண்களுக்கு நாள்தோறும் தேவை என்று ஐ.சி.எம்.ஆர். சொல்வது 29 மில்லிகிராம். தவிர, கோகோவின் அதே துவர்ப்பு, இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கவும் செய்யும். ரத்தசோகைக்கு டார்க் சாக்லேட் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மெக்னீசியம், இரும்பு இரண்டிலும் எள் இதைத் தாண்டி நிற்கிறது. எள்ளுருண்டைக்கு விளம்பரம் செய்ய ஆளில்லை, அவ்வளவுதான்.

அதற்காக ஒதுக்கவும் வேண்டாம். மாலையில் ஒரு மில்க் சாக்லேட்டோ பேக்கரி கேக்கோ சாப்பிடுகிறவர், அதற்குப் பதிலாக இரண்டு மூன்று துண்டு டார்க் சாக்லேட்டுக்கு மாறினால் சர்க்கரை பாதிக்கு மேல் குறையும். கசப்பு இருப்பதால் கை மூன்றாவது துண்டோடு நின்றும்விடும். சேர்மானத்தில் முதல் பெயர் சர்க்கரையாக இருந்தால் உறையில் ‘டார்க்’ என்று எழுதியிருப்பதற்கு அர்த்தமில்லை. கோகோ பட்டருக்குப் பதில் ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்றிருந்தால் அது காம்பவுண்ட் வகை, வைத்துவிட்டு நகருங்கள். 500, 501 என்ற எண்களோடு அமிலச் சீராக்கி இருந்தால், மேலே சொன்ன கார வேலை நடந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். அதில் கோகோ பட்டரும் சேர்த்தி, ஃப்ளேவனால் எவ்வளவு என்பதை அது சொல்லாது.

சதவீதம் கூடக் கூட இன்னொன்றும் கூடலாம். 2022-ல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு 28 டார்க் சாக்லேட்டுகளைச் சோதித்தபோது எல்லாவற்றிலும் காட்மியமும் ஈயமும் இருந்தன. அந்த 28-இல் 23 சாக்லேட்டுகளில், தினம் 28 கிராம் சாப்பிட்டால் கலிபோர்னியாவின் கடுமையான வரம்பில் ஒன்றையாவது தாண்டும் அளவுக்கு இருந்தன. காட்மியம் மண்ணிலிருந்து வேர் வழியாக விதைக்குள் ஏறுகிறது; ஈயம் வெளியில் காயப்போடும்போது தூசியோடு ஒட்டுகிறது. எப்போதாவது சாப்பிடும் பெரியவர்களுக்கு இது பெரிய கவலையில்லை. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் தினசரி வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்; ஆக்ஸலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடலாம். வீட்டு நாய்க்கு ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள். இதிலுள்ள தியோபுரோமைன் அதற்கு விஷம்.

(தொடரும்)